மரை வேட்டைக்கு இரும்பு சைட் போதுமா, ஸ்கோப் வேண்டுமா?

கொழும்பில் படித்து இப்போது மெல்பேர்னில் வேலை செய்யும் ஒரு தம்பியின் கேள்வி இது. துவக்கு லைசன்ஸும் மரை (சாம்பார் மான்) வேட்டைக்கான அனுமதியும் எடுத்துவிட்டார். அவருடைய மாமா அங்கே வைத்திருந்த பழைய .303 லீ என்ஃபீல்ட் றைபிள் சட்டப்படி இவர் பெயருக்கு மாறியிருக்கிறது. அதில் இருப்பது தொழிற்சாலையில் பூட்டிய இரும்பு சைட் (குறிபார்க்கும் இரும்புப் பாகம்) மட்டும், ஸ்கோப் என்ற குறிபார்க்கும் தொலைநோக்கி இல்லை. "இதை வைத்துத்தான் நான் மரை அடித்தேன், ஸ்கோப் பூட்டினால் அது வேட்டையே இல்லை" என்கிறார் மாமா. கூட்டாளிகளோ ஸ்கோப் இல்லாமல் காட்டுக்குள் வரவே வேண்டாம் என்கிறார்கள். "அண்ணை, யார் சொல்வது சரி? அந்த றைபிளில் துளை போட்டு ஸ்கோப் பூட்டட்டுமா?"

தம்பி, முதல் வேட்டைக்கு உங்களுக்கு ஸ்கோப் வேண்டும், அதுவும் உருப்பெருக்கம் குறைந்தது. ஆனால் அதை வாங்குவதற்கு முன் மாமாவின் றைபிளை இருக்கிறபடியே சுடுதளத்துக்குக் கொண்டுபோய் நன்றாகச் சுட்டுப் பழகுங்கள். இரண்டையும் ஏன் சொல்கிறேன் என்பதை ஆறுதலாக விளக்குகிறேன்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொழும்பில் பள்ளிக் கடேற் காலத்திலிருந்து இலக்குச் சுடுகிறவன் நான். இலங்கையில் மரையைத் தொட முடியாது, 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதைக் காக்கிறது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். மெல்பேர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் கதை வேறு. அங்கே மரை வெளியிலிருந்து வந்த விலங்கு. 1860களில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கொண்டுபோய் விட்ட மந்தைகளின் பரம்பரைதான் இன்று அந்த மலைக்காடுகள் முழுக்கப் பெருகி நிற்கிறது. நியூசிலாந்தின் மனவாட்டு பகுதியில் இருக்கும் மரைகளும் 1875 அளவில் இலங்கையிலிருந்து போனவற்றின் வழி. ஹோர்ட்டன் சமவெளியில் வாகனத் தரிப்பிடத்துக்கே வந்து நிற்கிறதே, அதே விலங்குதான். மெல்பேர்ன் பக்கத்துக் காட்டில் அது அப்படி வந்து நிற்காது. உங்கள் கேள்வியின் கஷ்டமே அதில்தான் இருக்கிறது.

இரும்பு சைட் வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் பாருங்கள். கண்ணுக்கு முன்னால் மூன்று பொருட்கள் மூன்று தூரத்தில் நிற்கின்றன: பின் சைட்டின் வெட்டு, குழல் நுனியில் முன் சைட், அதற்கப்பால் விலங்கு. மனிதக் கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். ஆகவே சுடுகிறவர் முன் சைட்டைத் தெளிவாக வைத்துக்கொண்டு, வெட்டும் விலங்கும் மங்கலாக இருப்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். இளம் கண்ணுக்கு இது பழகினால் வரும். நாற்பதைத் தாண்டிய பிறகு கிட்டப் பொருளில் பார்வையை நிறுத்தும் சக்தி குறைந்துகொண்டே போகும், முதலில் வெட்டு கரையும், பிறகு முன் சைட்டும் கரையும். மாமா முப்பது வயதில் அடித்ததையும் இன்று அவர் கண்ணுக்குத் தெரிவதையும் ஒன்றாக வைத்துப் பேச முடியாது. நீரிழிவு இருப்பவர்களுக்குச் சீனி ஏறி இறங்கும்போது பார்வையும் மாறும். எங்கள் குடும்பங்களில் இதை யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது கணக்கு. இரண்டு சைட்டுக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்குப் பிழை குறையும். உங்களுடையது ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலையில் செய்த பழைய நம்பர் 1 மார்க் 3 என்று நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிகிறது. அதில் பின் சைட் குழலின் மேலேயே இருப்பதால் இடைத்தூரம் ஏறத்தாழ 49 செ.மீ. மட்டும். முன் சைட் வெட்டின் நடுவிலிருந்து 1 மி.மீ. விலகினால் 100 மீற்றரில் சன்னம் 20 செ.மீ. தள்ளிப் போகும். பிற்காலத்து நம்பர் 4 றைபிளில் சிறு துளையுள்ள பீப் சைட்டைக் கண்ணுக்குக் கிட்ட, பின்னால் கொண்டுவந்து வைத்தார்கள். இடைத்தூரம் 73 செ.மீ. ஆனது, அதே 1 மி.மீ. பிழை 14 செ.மீ.க்குள் வந்துவிட்டது. துளை வழியாகப் பார்க்கும்போது கண் தானாகவே அதன் நடுவைத் தேடிக்கொள்ளும். துளை சிறிதாக இருந்தால் தெளிவாகத் தெரியும் தூரத்தின் ஆழமும் கூடும். இரும்பு சைட்டில்தான் வேட்டையாடுவேன் என்று ஒருவர் முடிவெடுத்தால், அவரை நான் முதலில் அனுப்புவது பீப் சைட்டுக்கு, அதுவும் வேட்டைக்கான அகலத் துளை உள்ளதற்கு. வெட்டு சைட் கடைசி.

இங்கிலாந்தின் பிஸ்லி சுடுதளத்தில் இன்றைக்கும் பீப் சைட்டை வைத்து 1000 யார் வரைக்கும் போட்டியில் சுடுகிறார்கள். ஆகவே இரும்பு சைட்டுக்குத் துல்லியம் இல்லை என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அங்கே இலக்கு வெள்ளைப் பின்னணியில் பெரிய கறுப்பு வட்டம். அது பகல் வெளிச்சத்தில் அசையாமல் நிற்கும், எங்கே நிற்கும் என்பதும் முன்கூட்டியே தெரியும். மரை மண்ணிறம், பின்னால் இருக்கும் மரமும் பட்டையும் மண்ணிறம். மரை வெளியே வருகிற நேரம் விடிகிற வேளையும் பொழுது சாய்கிற வேளையும். இரும்பு சைட் தோற்பது துல்லியத்தில் இல்லை, விலங்கைக் காட்டுவதில்.

2 மி.மீ. அகலமான ஒரு முன் சைட் கண்ணிலிருந்து 90 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். 100 மீற்றரில் அது 22 செ.மீ. அகலத்தை மறைக்கும், 200 மீற்றரில் 44 செ.மீ. மரையின் நெஞ்சில் சன்னம் போய்ச் சேரவேண்டிய இடம், அதாவது இருதயமும் நுரையீரலும் உள்ள பகுதி, சுமார் 25 செ.மீ. வட்டம். ஆக 100 மீற்றரில் நீங்கள் அடிக்க வேண்டிய இடம் ஏறத்தாழ முழுவதையும் உங்கள் சைட்டே மூடிவிடுகிறது. முன்னால் ஒரு கிளை குறுக்கே கிடந்தால் தெரியாது. விலங்கு கொஞ்சம் திரும்பி நின்றால் தெரியாது. பக்கத்தில் குட்டி நின்றாலும் தெரியாது. 50 மீற்றரில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. அந்தத் தூரத்தில், நல்ல வெளிச்சத்தில், இரும்பு சைட் போல வேகமானதும் நம்பகமானதும் குறைவு. துவக்கைத் தோளுக்குத் தூக்கும்போதே சைட் கண்ணுக்கு வந்துவிடும், இரண்டு கண்ணும் திறந்திருக்கும், பாரம் இல்லை, பற்றரி இல்லை.

பழைய வேட்டைக்காரர்களின் கதையை மாமா எடுத்தால் அதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. ஜிம் கோர்பெட் 1926இல் இந்தியாவின் ருத்ரபிரயாகையில் ஆட்கொல்லிச் சிறுத்தையைச் சுட்டது ஸ்கோப் இல்லாமல்தான், ஆனால் மிகக் கிட்டத்தில், றைபிளோடு சேர்த்த டோர்ச் வெளிச்சத்தில். நுவரெலியாவில் 19ஆம் நூற்றாண்டு ஆங்கில வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் மரையைத் துரத்தியது நாய்களோடு, முடித்தது கத்தியால். அவர்கள் யாரும் பள்ளத்தாக்கின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரையில் நிற்கும் மரையைப் பார்த்து வெடி வைக்கவில்லை. விக்டோரியாவில் அடர்ந்த பற்றைக்குள் 40 மீற்றரிலும் மரை எழும்பும், ஓடைக்கு அப்பால் 200 மீற்றரிலும் நிற்கும். எது வரும் என்று காலையில் புறப்படும்போது தெரியாது.

இனி ஸ்கோப். பலர் அதை உருப்பெருக்கி என்று மட்டும் நினைக்கிறார்கள். அது செய்கிற பெரிய உதவி வேறு: குறுக்குக் கம்பியையும் விலங்கையும் ஒரே தளத்தில் கொண்டுவந்து வைக்கிறது. கண்ணுக்கு மூன்று தூரம் என்ற பிரச்சினை அங்கே ஒரே தூரம் ஆகிவிடுகிறது. 4 மடங்கு பெருக்கத்தில் 100 மீற்றரில் நிற்பது 25 மீற்றரில் நிற்பதுபோலத் தெரியும். கம்பி மெல்லியது, அடிக்க வேண்டிய இடத்தை மூடாது.

ஆனால் கடையில் போய் நிற்கும்போது எல்லாரும் செய்வது பெரிய எண்ணைத் தேடுவது. 6 முதல் 24 மடங்கு வரை உள்ள ஒன்றைக் காட்டினால் மனம் அதிலேயே போய்விடும். காட்டு வேட்டைக்கு அது தடை. சாதாரண 3-9x40 ஸ்கோப்பில் (3 முதல் 9 மடங்கு, முன் வில்லை 40 மி.மீ.) 3 மடங்கில் 100 மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 11 மீற்றர் அகலம் தெரியும், 9 மடங்கில் 4 மீற்றர் சொச்சம்தான். பற்றைக்குள் 30 மீற்றரில் மரை எழும்பும்போது ஸ்கோப் 9இல் நின்றால் உங்களுக்குத் தெரிவது மயிரும் இலையும் மட்டும், எந்தப் பக்கம் தலை என்றுகூடப் பிடிபடாது. அதனால் நடக்கும்போது எப்போதும் மிகக் குறைந்த எண்ணில் வைத்திருங்கள். தூரத்தில் விலங்கு நின்றால் எண்ணைக் கூட்ட நேரம் கிடைக்கும், கிட்டத்தில் நின்றால் குறைக்க நேரம் கிடைக்காது.

மங்கல் வெளிச்சத்துக்கும் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. முன் வில்லையின் அகலத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் ஸ்கோப்பிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அளவு வரும். 40ஐ 4ஆல் வகுத்தால் 10 மி.மீ., 9ஆல் வகுத்தால் 4.4 மி.மீ. இருட்டில் இளைஞரின் கண்மணி ஏறத்தாழ 7 மி.மீ. வரை விரியும், வயதானால் 5 மி.மீ. அளவில் நின்றுவிடும். ஒளிவட்டம் கண்மணியைவிடச் சிறிதானால் காட்சி இருளும். எனவே பொழுது சாயும்போது உருப்பெருக்கத்தைக் குறைத்தால் பிரகாசம் கூடும். 56 மி.மீ. வில்லை உள்ள பாரமான ஸ்கோப் உங்களுக்குத் தேவையில்லை. விக்டோரியாவில் சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பிறகு மான் வேட்டையே சட்டவிரோதம். அந்த அரை மணிக்கு 5 மடங்கில் 40 மி.மீ. தாராளமாகப் போதும். கண்ணாடியின் மேற்பூச்சு நன்றாக இருப்பது வில்லையின் அகலத்தைவிட முக்கியம். 1935இல் ஜேர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா கண்டுபிடித்த எதிரொளி தடுக்கும் பூச்சுத்தான் இன்றைய எல்லா நல்ல ஸ்கோப்புக்கும் அடிப்படை. மலிவானதில் வெட்டுவது பெரும்பாலும் இதைத்தான்.

ஆகவே என் தெரிவு 2-7x33, 1.5-6x42 அல்லது 1-6x24 வகைகளில் ஒன்று. கொஞ்சம் திறந்த இடமும் வரும் என்றால் 3-9x40. இதற்கு மேல் போக எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. ஸ்கோப்புக்குச் செலவழிக்கும் காசில் ஒரு பங்கை அதைப் பிடித்திருக்கும் மவுண்டுக்கும் வளையத்துக்கும் ஒதுக்குங்கள். ஸ்கோப் பிழைத்துவிட்டது என்று சொல்லப்படுகிற பல சந்தர்ப்பங்களில் உண்மையில் தளர்ந்திருப்பது மவுண்டின் ஆணி.

பூட்டும்போது கண்ணிலிருந்து 8 முதல் 10 செ.மீ. வரை இடைவெளி இருக்க வேண்டும். இதை நின்றுகொண்டு மட்டும் பார்க்காமல், படுத்தும், மேட்டைப் பார்த்தும் பாருங்கள். மேல்நோக்கிச் சுடும்போது தலை முன்னுக்கு வந்துவிடும், அந்த நேரத்தில்தான் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தை வெட்டும். பிறகு கண்வில்லையைத் திருகி உங்கள் பார்வைக்குச் சரிசெய்ய வேண்டும். வெளிறிய வானத்தைப் பார்த்து, சூரியன் இருக்கும் பக்கம் விட்டு, ஒரு கணம் மட்டும் பாருங்கள். முதல் பார்வையிலேயே கம்பி கறுப்பாகத் தெளிவாக நிற்க வேண்டும். பார்த்துக்கொண்டே திருகினால் கண் தன்னைச் சரிசெய்து உங்களை ஏமாற்றிவிடும்.

றெட் டொட் சைட்டைப் பற்றியும் சிலர் சொல்வார்கள். உருப்பெருக்கம் இல்லை, ஒரு சிவப்புப் புள்ளி மட்டும். 50 மீற்றருக்குள் இரும்பு சைட்டைவிட இலகு, வயதான கண்ணுக்கு மிக நல்லது. கண்ணில் அஸ்டிக்மாட்டிசம் என்ற சமச்சீரின்மைக் குறை இருந்தால் புள்ளி வால்வெள்ளிபோல இழுபடும், வாங்கும் முன் பார்த்துவிடுங்கள். ஓடைக்கு அப்பால் நிற்கும் மரையை அது உங்களுக்குக் காட்டாது என்பதால் உங்கள் தேவைக்கு அதைச் சொல்லமாட்டேன்.

மழை, பனி, ஈரம். இதில் இரும்பு சைட்டுக்குப் பெரிய புகழ் உண்டு, பெரும்பகுதி நியாயமானதுதான். ஆனால் பீப் சைட்டின் சிறு துளையில் ஒரு மழைத்துளி நின்றாலும் பார்வை அடைபடும், ஊதித் தள்ள வேண்டும். நல்ல ஸ்கோப்புக்குள் ஈரக்காற்றை எடுத்துவிட்டு நைதரசன் அடைத்திருப்பார்கள், உள்ளே பனி பிடிக்காது. வெளிக்கண்ணாடி குளிரிலிருந்து சூடான வீட்டுக்குள் வந்தால் மங்கும், உங்கள் மூச்சுப் பட்டாலும் மங்கும். இரண்டு மூடியும் ஒரு மென்துணியும் போதும். கொழும்பில் கமரா வைத்திருந்தவர்களுக்கு வில்லையில் பூஞ்சை படர்வது நன்றாகத் தெரியும், வெள்ளவத்தைக் கடற்காற்றில் எந்த இரும்பும் துருப்பிடிப்பதும் தெரியும். மலையிலிருந்து ஈரத்தோடு வந்த துவக்கை உறையில் போட்டு அப்படியே பெட்டகத்தில் பூட்டினால் மெல்பேர்னிலும் அதே கதிதான். உறையைக் கழற்றித் துடைத்து, காயவிட்டு, சிலிக்கா ஜெல் போட்டுப் பூட்டுங்கள்.

விழுந்தால் என்ன? ஸ்கோப் அடிபட்டால் குறி மாறியிருக்கலாம். முன் சைட் வளைந்தாலும் குறி மாறும். எதுவாக இருந்தாலும் விழுந்த துவக்கால் விலங்கைச் சுடக் கூடாது, முதலில் பாதுகாப்பான மண்மேடு உள்ள இடத்தில் ஒரு தாளில் சுட்டுப் பார்க்க வேண்டும். கையால் கழற்றக்கூடிய மவுண்டில் ஸ்கோப்பை வைத்து, அடியில் குறிபார்த்த இரும்பு சைட்டையும் விட்டு வைப்பது இதனால்தான் நல்லது. தூர இடத்துக்குப் போய் மூன்று நாள் முகாமிடுகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுவேன். ஸ்கோப்பால் காட்டை நோட்டம் விடக் கூடாது. ஸ்கோப் எங்கே பார்க்கிறதோ குழலும் அங்கேதான் பார்க்கிறது. அந்தப் பற்றைக்குள் அசைவது இன்னொரு வேட்டைக்காரராக இருக்கலாம், நடைப்பயணம் வந்த குடும்பமாக இருக்கலாம். தேடுவதற்குக் கழுத்தில் பைனாகுலர் இருக்க வேண்டும். அதில் பார்த்து, இது மரைதான், முழு உடலும் தெரிகிறது, பின்னால் மண்மேடு இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் துவக்கு தோளுக்கு வர வேண்டும். காசு போதாது என்றால் ஸ்கோப்பில் ஒரு படி இறங்குங்கள், பைனாகுலரை விடாதீர்கள்.

சரி, மாமாவின் றைபிளுக்கு வருவோம். விக்டோரியாவில் மரைக்குக் குறைந்தபட்சம் .270 அங்குல விட்டமும் 130 கிரெயின் நிறையுள்ள சன்னமும் வேண்டும், .303 அதில் இலகுவாகத் தேறும். ஆகவே பலம் குறைவு என்ற கவலை வேண்டாம். ஆனால் அந்த றைபிள் ஸ்கோப்புக்காகச் செய்யப்பட்டதல்ல. கோதின் (குழல் பூட்டியிருக்கும் இரும்புப் பகுதியின்) மேல்பகுதி தட்டையாக இல்லை, மவுண்டுக்குத் துளை போட வேண்டும் அல்லது துளையில்லாமல் பிடிக்கும் தனி மவுண்ட் தேட வேண்டும். சோங்கும் (தோளில் வைக்கும் மரப்பகுதி) இரும்பு சைட்டின் உயரத்துக்கே வெட்டப்பட்டது. ஸ்கோப் மேலே ஏறியதும் கன்னம் மரத்தில் படியாது, தலையை அந்தரத்தில் தூக்கிப் பார்க்க வேண்டிவரும். கன்னம் படியாத துவக்கில் ஒவ்வொரு தடவையும் கண் வேறு வேறு இடத்தில் நிற்கும், விலையுயர்ந்த ஸ்கோப்பும் அதைத் திருத்தாது. கன்னத்துக்கு மேலதிகத் திண்டு கட்டலாம், செய்கிறார்கள்.

பாகங்களின் தொடர் எண்கள் ஒன்றோடொன்று பொருந்திய, மரம் வெட்டப்படாத லித்கோ றைபிளாக இருந்தால் என் மனம் அதில் துளை போட ஒப்பவில்லை. ஒருமுறை துளைத்தால் திரும்பி வராது, சேகரிப்பவர்களிடம் அதன் மதிப்பும் விழுந்துவிடும். முன்பே யாரோ மரத்தை வெட்டிக் குழலைக் குறுக்கியிருந்தால் தயங்க வேண்டாம், நல்ல துவக்குத் திருத்துநரிடம் கொடுங்கள். முதல் வகையென்றால் அதை அப்படியே வைத்துக்கொண்டு, ஸ்கோப் மவுண்டுக்குத் துளையோடு வரும் பாவித்த .308 போல்ட் அக்‌ஷன் ஒன்றை வேட்டைக்கென்று வாங்குங்கள்.

அதுவரை .303ஐச் சுடுதளத்தில் சுடுங்கள். அந்தப் பின் சைட்டில் மிகக் குறைந்த அளவே 200 யார் என்பதால் 100 மீற்றரில் சன்னம் குறிக்குச் சில அங்குலம் மேலே போய் விழும், பயப்பட வேண்டாம், உயரமான முன் சைட் போட்டுத் திருத்தலாம். முன் சைட்டில் பார்வையை நிறுத்துவது, மூச்சு, விசையை மெதுவாக அழுத்துவது, வெடித்த பிறகும் குறியை விடாமல் இருப்பது எல்லாம் இரும்பு சைட்டில் பழகியவருக்குக் கையில் ஊறிவிடும். முதல் நாளே ஸ்கோப்பில் தொடங்கியவர்கள் கம்பி நடுங்குவதைப் பார்த்துப் பதறி விசையைப் பிடுங்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

புதிய ஸ்கோப் வந்ததும் 25 மீற்றரில் தொடங்குங்கள், தாளில் எங்கே படுகிறது என்று தெரிந்த பிறகு 100 மீற்றருக்குப் போங்கள். ஸ்கோப்பின் திருகியில் கால் எம்.ஓ.ஏ. (ஒரு சிறு கோண அளவு) என்று எழுதியிருந்தால், அதைத் திருகும்போது கேட்கும் ஒரு கிளிக் 100 மீற்றரில் ஏறத்தாழ 7 மி.மீ. நகர்த்தும், 25 மீற்றரில் அதே நகர்வுக்கு நான்கு கிளிக் வேண்டும். ஒரு சன்னத்தைப் பார்த்துத் திருகாமல் மூன்றைச் சுட்டு அவற்றின் நடுவைப் பார்த்துத் திருகுங்கள். வேட்டைக்குக் கொண்டுபோகப்போகும் அதே ரவையால் சுடுங்கள், வேறு நிறை போட்டால் குறி மாறும். 100 மீற்றருக்குக் குறி வைத்த .303, 200 மீற்றரில் ஏறத்தாழ ஒரு சாண் கீழே விழும், .308 அதைவிடக் குறைவாக விழும். இதைப் புத்தகத்தில் படித்து வைக்காமல், 200 மீற்றர் உள்ள சுடுதளத்தில் மண்டியிட்டும், தடியில் சாய்த்தும் சுட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்து சன்னத்தில் ஐந்தும் சாப்பாட்டுத் தட்டளவு வட்டத்துக்குள் எந்தத் தூரம் வரை விழுகிறதோ, இந்த வருடம் உங்கள் எல்லை அதுதான். அது 80 மீற்றர் என்று வந்தால் 80 மீற்றருக்குள் மட்டும் சுடுங்கள், துவக்கின் மேல் எந்த ஸ்கோப் இருந்தாலும்.